வீட்டு வியாபாரி லெவிட்

வில்லியம் லெவிட் என்பவர் அமெரிக்காவில் காலி நிலத்தை வாங்கி, வீடு கட்டி விற்றுப் பெருஞ்செல்வரானவர். 1907ல் நியூயார்க் நகரத்தைச் சேர்ந்த புரூக்ளினில் பிறந்து 1994ல் காலமானார். யுத்தத்திற்குப் பின் தங்க இடமில்லாமல் திண்டாடிய பல்லாயிரம் குடும்பங்களுக்கு மலிவு விலையில் வீடு கொடுத்த உபகாரி என்று இவரை அந்நாட்டார் கொண்டாடினார்கள். 1950ம் வருஷம் ஜூலை மாதத்தில் 'டைம்' என்னும் பிரபல பத்திரிகை இவர் படத்தை அட்டையில் போட்டுப் பெருமைப்படுத்தியது. அந்தப் புகழ்ச்சி முழுவதும் பொய் என்று நாம் சொல்ல வரவில்லை. அவர் கட்டிய வீடுகள் மெய். அவைகளில் குடியேறியவர்கள் அடைந்த சுகமும் மெய். ஆனால் அந்த வீடுகளின் வாடகைப் பத்திரத்தில் எழுதப்பட்டிருந்த ஒரு நிபந்தனையும் மெய்யேயாகும். அந்த நிபந்தனையைப் பற்றியும், அதற்கு அவர் சொல்லிவந்த சமாதானத்தைப் பற்றியும் நம் வாசகர்கள் தெரிந்து கொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகின்றோம். செத்துப்போன ஒருவரை வைவதால் யாருக்கும் ஒரு காசு லாபமில்லை. ஆனால் அவர் சொன்ன சமாதானம் அவரோடு சாகவில்லை.

லெவிட்டின் பாட்டனார் யூத மத குரு. தகப்பனார் ஆபிரகாம் லெவிட் நிலம் சம்பந்தமான விவகாரங்களை நடத்திவந்த வக்கீல். 1929ல் தகப்பனும் பிள்ளைகளுமாகச் சேர்ந்து 'லெவிட் அண்ட் சன்ஸ்' என்ற கம்பெனியை ஆரம்பித்தார்கள். மூத்த மகன் வில்லியம் பேச்சு, பேரம், பண விவகாரம் ஆகியவைகளைப் பார்த்துக் கொண்டார். இளைய மகன் ஆல்பிரட் வீட்டுக்குப் படம் போட்டுக் கொடுத்தார். 1930களில் லாங் ஐலண்டு தீவில் மன்ஹாசெட் என்னும் இடத்தில் 'ஸ்டிராத்மோர்' என்ற பெயரால் வசதியுள்ளவர்களுக்கு வீடுகள் கட்டி விற்று நல்ல லாபம் கண்டார்கள். பிறகு இரண்டாவது உலக யுத்தம் வந்தது. வர்ஜீனியா மாகாணத்தில் நார்போக் என்னும் துறைமுகத்தில் யுத்த வேலைக்காரர்களுக்கு ஏராளமான வீடுகளை அவசரமாகக் கட்டித்தரச் சர்க்கார் இவர்களுக்குக் கண்டிராக்டு கொடுத்தது. ஒரு வீட்டைக் கட்டும் மாதிரி வேறு, ஆயிரம் வீட்டைக் கட்டும் மாதிரி வேறு என்பதை லெவிட் அங்கேதான் கற்றுக்கொண்டார். பிறகு கடற்படையின் கட்டுமானப் பிரிவில் சேர்ந்து பசிபிக் பிரதேசத்தில் உத்தியோகம் பார்த்து வந்தார்.

யுத்தம் முடிந்தது. 1930களின் பணமுடையாலும் அதன் பிறகு யுத்தத்தாலும் பதினைந்து வருஷ காலம் அந்நாட்டில் போதிய வீடுகள் கட்டப்படவே இல்லை. படையிலிருந்து இலட்சக்கணக்காகத் திரும்பிய வாலிபர்கள் கல்யாணம் செய்துகொண்டு பெற்றோர் வீட்டு ஒற்றை அறையிலும், கார் நிறுத்தும் கொட்டகையிலும், இராணுவத் தகரக் கூடாரங்களிலும் குடித்தனம் நடத்தினார்கள். இந்தச் சமயத்தில் லெவிட் லாங் ஐலண்டில் பூச்சி விழுந்து கெட்டுப்போன உருளைக்கிழங்கு வயல்களை வாங்கினார். அங்கே எழும்பிய ஊருக்கு 'லெவிட்டவுன்' என்று தம் குடும்பப் பெயரையே வைத்தார். 1947ம் வருஷம் அக்டோபர் மாதம் முதல் தேதி முதல் குடிகள் வந்து சேர்ந்தார்கள். 1951க்குள் அங்கே 17,447 வீடுகள் எழும்பிவிட்டன.

எப்படி எழும்பின? மோட்டார் தொழிற்சாலையில் கார் நகர்ந்து வரும். ஆள் நின்ற இடத்தில் நிற்பான். லெவிட் இதைத் தலைகீழாக மாற்றினார். வீடு நின்ற இடத்தில் நின்றது, ஆட்கள் நகர்ந்தார்கள். ஒரு வீட்டு வேலையை ஏறக்குறைய 26, 27 துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கூட்டத்தை வைத்தார். சிவப்பு வர்ணம் அடிப்பவன் சிவப்பு மாத்திரம் அடிப்பான். வெள்ளை அடிப்பவன் வெள்ளை மாத்திரம் அடிப்பான். நிலவறை தோண்டாமல் சிமெண்டுத் தளத்தின் மேலேயே வீட்டை எழுப்பினார். நிலவறை இல்லாமல் கட்டக்கூடாது என்று அவ்வூர் ஸ்தல ஸ்தாபனத்தில் இருந்த விதி, வீட்டுக்குக் காத்திருந்த சிப்பாய்களின் கூக்குரலால் மாற்றப்பட்டது. மரத்துக்குச் சொந்தமாக மர அறுவை ஆலை. ஆணிக்குச் சொந்தமாக ஆணி செய்யும் பட்டறை. தொழிலாளர் சங்கத்தை உள்ளே விடாமல், செய்த வேலைக்கு இவ்வளவு என்று துண்டுக் கூலி கொடுத்தார். இவ்வளவும் சேர்ந்து, வேலை மும்முரமாக நடந்த காலத்தில் ஒரே நாளில் முப்பதுக்கு மேற்பட்ட வீடுகள் முடிந்தன. அடுப்பும், குளிர்பெட்டியும், துணி துவைக்கும் யந்திரமும் வீட்டோடு சேர்ந்தே வந்தன. ஆரம்பத்தில் மாதம் 60 டாலர் வாடகை. 1949ல் விற்ற வீட்டின் விலை 7,990 டாலர். படையில் இருந்தவன் முன்பணம் ஒரு டாலர்கூடக் கட்ட வேண்டியதில்லை. மாதம் 58 டாலர் போல் கட்டினால் போதும். அந்த வீடு அவனுக்குச் சொந்தம். கூலிக்கு உழைக்கிறவன் சொந்த வீட்டில் படுத்துத் தூங்குவது என்பது சாமானிய காரியமல்ல. இதற்காக லெவிட்டுக்கு வரவேண்டிய புகழ் எவ்வளவோ அவ்வளவையும் தாராளமாகக் கொடுத்துவிடுவோம்.

நிற்க, முன்பணம் இல்லாமல் ஒருவன் வீடு வாங்க முடிந்தது எப்படி என்று கேட்க வேண்டாமா? அது லெவிட்டின் தயாள குணத்தால் அல்ல. 1934ல் அமெரிக்க சர்க்கார் கூட்டாட்சி வீட்டுக்கடன் நிர்வாகம் என்று ஒன்றை ஏற்படுத்தி, வீடு வாங்க பாங்கி கொடுக்கும் கடனுக்குத் தாமே பொறுப்பேற்றுக் கொண்டது. 1944ல் படையினருக்கென்று தனிச் சட்டம் போட்டு, அவர்கள் வாங்கும் வீட்டுக் கடனுக்கு உத்தரவாதம் கொடுத்தது. வீடு கட்டுவதற்கு முன்பே, இன்ன படத்தின்படி கட்டினால் இவ்வளவு கடனுக்கு நாங்கள் பொறுப்பு என்று சர்க்கார் எழுதிக் கொடுத்ததைக் காட்டித்தான் லெவிட் பாங்கிகளில் பணம் எடுத்தார். ஆகவே இலாபம் லெவிட்டுடையது. நஷ்டம் வந்தால் அது பொது ஜனங்களுடையது. அந்தப் பொது ஜனங்களில் கருப்பு மக்களும் சேர்ந்தவர்கள் என்பதை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளக் கோருகின்றோம். அவர்களும் வரி கொடுத்தார்கள். அந்த யுத்தத்தில் அவர்களில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் படையில் சேவை செய்தார்கள்.

இனி நிபந்தனைக்கு வருவோம். லெவிட்டவுன் குடிகளுக்குப் பல கட்டளைகள் இருந்தன. வேலி போடக்கூடாது, வாரத்துக்கு ஒரு தரம் புல் வெட்ட வேண்டும், ஞாயிற்றுக்கிழமையில் துணி உலர்த்தக்கூடாது. இவைகளோடு வாடகைப் பத்திரத்தின் 25வது பிரிவாக மற்றொரு கட்டளையும் பெரிய எழுத்துக்களில் அச்சடிக்கப்பட்டிருந்தது. காக்கேசிய இனத்தார், அதாவது வெள்ளையர், அல்லாத எவரும் இவ்வீட்டை உபயோகிக்கவோ இதில் வசிக்கவோ குடியிருப்பவர் இடங்கொடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். அதோடு நிற்கவில்லை. வெள்ளையரல்லாதாரை வீட்டு வேலைக்காரராக வைத்துக்கொள்ள ஆட்சேபணை இல்லை என்று ஒரு விலக்கும் அதே பிரிவிலேயே எழுதப்பட்டிருந்தது.

இந்த விலக்கைத்தான் நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். கருப்பு மனிதன் பக்கத்தில் இருந்தால் நோய் வரும் என்றோ, சுத்தம் கெடும் என்றோ, திருட்டுப் போகும் என்றோ இவர்கள் மெய்யாகவே பயந்திருப்பார்களானால், அவனைச் சமையலறைக்குள்ளும் படுக்கையறைக்குள்ளும் விடுவார்களா? குழந்தையை அவள் கையில் கொடுத்துவிட்டு வெளியே போவார்களா? வேலைக்காரியாக வந்தால் நடுவீட்டில் நடமாடலாம். சம்பளம் வாங்கி, பணம் சேர்த்து, பக்கத்து வீட்டை விலை கொடுத்து வாங்கி வந்தால் மாத்திரம் ஊரே கெட்டுவிடும் என்றால், ஆட்சேபணை அவள் தோலின் மீது அல்ல. அவள் சமமாக நிற்பதின் மீதுதான் என்பது விளங்கவில்லையா? பிறவியைக் காட்டித் தள்ளி வைப்பவர்கள் எந்த தேசத்தில் இருந்தாலும் அவர்கள் சொல்லும் காரணங்கள் அத்தனையையும் இந்த ஒரு வரி அம்பலப்படுத்தி விடுகின்றது. தொண்டு செய்ய வந்தால் தீட்டில்லை. துணையாக வந்தால் தீட்டு என்பதைப் புரிந்துகொள்ள நம் வாசகர்களுக்கு அமெரிக்கா வரையில் போக வேண்டிய அவசியமும் இல்லை.

இந்த நிபந்தனையை லெவிட் மாத்திரம் கண்டுபிடித்தார் என்று சொல்லிவிட்டால் அது அநியாயமாகும். கடனுக்குப் பொறுப்பேற்ற சர்க்கார் நிர்வாகமே, வெவ்வேறு இனத்தார் கலந்து வசித்தால் வீட்டு மதிப்புக் குறையும் என்றும், ஆகையால் பத்திரத்தில் இப்படிப்பட்ட நிபந்தனை இருப்பது நலம் என்றும் தன் அதிகாரிகளுக்குக் கொடுத்த கையேட்டில் எழுதி வைத்திருந்தது. சர்க்கார் வியாபாரிமீது சாய்ந்துகொண்டது. வியாபாரி சர்க்கார்மீது சாய்ந்துகொண்டார். நடுவில் நசுங்கியவன் வீடு கேட்டு வந்த கருப்புச் சிப்பாய்.

1948ம் வருஷம் மே மாதத்தில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு, இம்மாதிரி நிபந்தனைகளைக் கோர்ட்டுகள் மூலம் நிறைவேற்றித்தர முடியாது என்று தீர்ப்புச் சொல்லிற்று. பிறகு, 1950 பிப்ரவரிக்குமேல் இப்படிப் பத்திரம் எழுதப்படும் வீடுகளுக்குப் பொறுப்பேற்பதில்லை என்று சர்க்காரும் அறிவித்தது. லெவிட் பத்திரத்திலிருந்து அந்தப் பிரிவை எடுத்துவிட்டார். ஆனால் வழக்கத்திலிருந்து எடுத்தாரா? இல்லை. எழுதாத நிபந்தனை எழுதிய நிபந்தனையைவிடக் கெட்டியாக நின்றது. கருப்பர் குழந்தைகளைத் தங்கள் வீட்டுக்கு வந்து விளையாட விட்ட இரண்டு வெள்ளைக் குடும்பங்களுக்கு வாடகைப் பத்திரத்தைப் புதுப்பித்துத் தர மறுத்து, அவர்களை வெளியேற்றப் பார்த்தது கம்பெனி. காகிதத்தில் ஒரு வரியை அடித்துவிட்டதாலேயே நியாயம் பிறந்துவிட்டது என்று திருப்தி அடைகின்ற சீர்திருத்தக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

லெவிட் சொல்லிவந்த சமாதானம் இதுதான். நான் யூதன், எனக்கு இனத் துவேஷம் கிடையாது. ஆனால் ஒரு வீட்டைக் கருப்புக் குடும்பத்துக்கு விற்றால் வெள்ளைக்கார வாடிக்கைக்காரர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு, தொண்ணூற்றைந்து பேர் அந்த ஊரில் வாங்க மாட்டார்கள். அது அவர்கள் குணமே ஒழிய எங்கள் குணம் அல்ல. நாங்கள் வீட்டுப் பஞ்சத்தைத் தீர்க்கலாம். அல்லது இனப் பிரச்சினையைத் தீர்க்கப் பார்க்கலாம். இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது என்பதாக அவர் வெளிப்படையாகவே சொன்னார்.

கேட்பதற்கு இது எவ்வளவு நியாயம்போல் இருக்கின்றது பாருங்கள்! ஆனால் மூன்று விஷயங்களை யோசிக்க வேண்டும்.

முதலாவது, வீட்டுப் பஞ்சம் யாருடைய பஞ்சம்? கருப்பருக்கு வீட்டுப் பஞ்சம் இல்லையா? வெள்ளையனைவிட அவர்களுக்குத்தான் அது கொடுமையாக இருந்தது. அவர்களை விட்டுவிட்டு வீட்டுப் பஞ்சத்தைத் தீர்த்தேன் என்பது, பாதிப் பேருக்குப் பந்தியில் இலை போடாமலேயே ஊருக்குச் சாப்பாடு போட்டேன் என்று சொல்வதற்குச் சமமானதாகும்.

இரண்டாவது, வாடிக்கைக்காரர்கள் ஓடிவிடுவார்கள் என்கிறார். எங்கே ஓடுவார்கள்? கராஜிலும் மாமனார் வீட்டிலும் குடித்தனம் செய்துகொண்டிருந்தவனுக்கு முன்பணமில்லாமல் வீடு கிடைத்த இடம் வேறு எத்தனை இருந்தன? வேலி போடாதே என்றால் கேட்டுக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை துணி உலர்த்தாதே என்றால் அதையும் கேட்டுக்கொண்டான். புல்லை எப்போது வெட்டுவது என்பது வரையில் குடிகளுக்குக் கட்டளை போடத் தைரியம் இருந்த ஒருவருக்கு, இந்த ஒரு விஷயத்தில் மாத்திரம் வாடிக்கைக்காரன் எஜமானனாகவும் தான் அடிமையாகவும் ஆகிவிட்டது எப்படி? அந்நாட்டில் வீட்டு வியாபாரத்தில் அவருக்கிருந்த பலம் வேறு எவருக்கும் இருக்கவில்லை. அந்தப் பலத்தோடு, 'என் ஊர் இப்படித்தான் இருக்கும்' என்று அவர் சொல்லியிருந்தால், மற்ற வியாபாரிகளும் அந்த வழிக்கு வந்திருக்க வேண்டியதுதான்.

மூன்றாவது, நான் யூதன் என்கிறார். அக்காலத்தில் அமெரிக்காவில் யூதர்களுக்கே பல கிளப்புகளிலும், பல ஊர்களிலும், பெரிய கலாசாலைகளிலும் இடம் மறுக்கப்பட்டு வந்தது. தள்ளி வைக்கப்படுவதின் வலி இன்னதென்று தெரிந்த குலத்தில் பிறந்தவர் இவர். ஆனால் 1930களில் ஸ்டிராத்மோரில் யூதர்களுக்கே இக்கம்பெனி வீடு விற்பதில்லை என்று அக்கம்பெனியின் கதையை எழுதியவர்கள் சொல்லுகின்றார்கள். மேல்படியில் இருப்பவன் தன்னை மிதிக்கின்றானே என்று ஆத்திரப்படுகிறவன், கீழ்ப்படியில் இருப்பவனை மிதிக்க இடம் கிடைத்தால் சும்மா இருந்துவிடுவதில்லை. படிப்படியாய் அடுக்கப்பட்ட சமூகத்தின் சூட்சுமமே இதுதான். இதைக் கொண்டு யூதரின் குணம் இது என்று எவனாவது சொல்ல வருவானானால் அவன் மடையன் என்றே சொல்லுவோம். ஏனெனில், சில வருஷங்களுக்குப் பிறகு இதே லெவிட் கட்டிய ஊரில், கல்லெறிக்கு ஆளான கருப்புக் குடும்பத்துக்குப் பக்கத்தில் நின்று பாதுகாத்ததும் ஒரு யூதக் குடும்பமேயாகும். குணம் பிறவியில் இல்லை. எந்தப் பக்கம் நிற்பது என்று அவனவன் செய்யும் முடிவில்தான் இருக்கின்றது.

அந்தக் கல்லெறி நடந்தது பென்சில்வேனியா மாகாணத்தில். அங்கே 1952 முதல் 1958 வரையில் லெவிட் இரண்டாவது லெவிட்டவுனைக் கட்டினார், 17,311 வீடுகள். கருப்பர்களுக்கு விற்க மறுத்ததன்மேல், பொது ஜனப் பணத்தின் பொறுப்பில் கட்டும் வீட்டை இனம் பார்த்து விற்கலாமா என்று சில கருப்புச் சிப்பாய்கள் சார்பில் வழக்குத் தொடுக்கப்பட்டது. அதைத் தடுப்பது சர்க்கார் நிர்வாகத்தின் கடமை என்று சட்டம் சொல்லவில்லை என்று 1955ல் கோர்ட்டார் தள்ளிவிட்டார்கள். 1957ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் வில்லியம் மயர்ஸ், டெய்சி மயர்ஸ் என்ற கருப்புத் தம்பதிகள், கம்பெனியிடமிருந்து அல்ல, முன்பே வாங்கி வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து ஒரு வீட்டை விலைக்கு வாங்கிக்கொண்டு மூன்று குழந்தைகளோடு குடிவந்தார்கள். மயர்ஸ் யுத்தத்தில் சேவை செய்தவர். அன்றிரவே நூற்றுக்கணக்கானவர்கள் வீட்டின் முன் கூடிவிட்டார்கள். ஜன்னல்கள் உடைந்தன. கல்லடிபட்டு ஒரு போலீஸ் அதிகாரி மூர்ச்சையானார். சிலுவையைக் கொளுத்தி வைத்தார்கள். அண்டையில் ஒரு காலி வீட்டைப் பிடித்து, அடிமை முறையைக் காப்பாற்றச் சண்டை போட்ட தென்னாட்டாரின் கொடியை ஏற்றி, இரவும் பகலும் கூச்சல் போட்டார்கள். மாகாண கவர்னர் மாகாணப் போலீசை அனுப்பினார். மாகாணச் சட்ட அதிகாரி கோர்ட்டில் தடையுத்தரவு வாங்கினார். அதன் பிறகே கூட்டம் அடங்கிற்று. மயர்ஸ் குடும்பம் ஓடிவிடவில்லை. நாலு வருஷ காலம் அங்கேயே வாழ்ந்து காட்டினார்கள். 1999ல், கணவர் இறந்து பல வருஷங்களுக்குப் பிறகு, அப்பகுதி மேயர் டெய்சி மயர்சை வரவழைத்துப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

வாடிக்கைக்காரர்களின் குணம் இது. லெவிட் என்ன செய்வார் என்று சிலர் கேட்பார்கள். நாம் திருப்பிக் கேட்கின்றோம்: அந்தக் குணத்துக்கு ஊரே கட்டிக் கொடுத்தது யார்? 17,000 வீடுகளில் ஒன்றிலாவது கருப்பர் இருக்க மாட்டார்கள் என்பதையே ஒரு வசதியைப் போல், குளிர்பெட்டியைப் போல், விலையோடு சேர்த்து விற்றுவிட்டு, வாங்கினவன் அதை உரிமையென்று நினைத்துக் கல் எடுத்தால், விற்றவனுக்குச் சம்பந்தமில்லை என்பது எந்த ஊர் நியாயம்?

அடுத்தது நியூஜெர்சி. 1958ல் அங்கே மூன்றாவது லெவிட்டவுன் ஆரம்பமாயிற்று. அங்கேயும் கருப்பருக்கு விற்பதில்லை என்று லெவிட் அறிவித்தார். ஆனால் அந்த மாகாணத்தில், சர்க்கார் பொறுப்பேற்கும் வீடுகளில் இன பேதம் காட்டக்கூடாது என்று சட்டம் இருந்தது. வீடு மறுக்கப்பட்ட இரண்டு பேர் புகார் கொடுத்தார்கள். வழக்கு மாகாணத்தின் உயர்ந்த கோர்ட்டு வரையில் போய், 1960ல் லெவிட் தோற்றார். பிறகு விற்றார். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஓடிப்போய், ஊர் எழும்பாமல் நின்றுவிட்டதா? இல்லை. ஊர் எழும்பியது, வெள்ளைக் குடும்பங்களும் வந்து வாங்கின, கம்பெனி இலாபமும் சம்பாதித்தது. பத்து வருஷ காலமாகச் சொல்லி வந்த பயங்காட்டல் வெறும் பயங்காட்டலாகவே போயிற்று.

இவ்வளவும் கண்ணால் கண்ட பிறகாவது லெவிட் மாறினாரா? அதுதான் வேடிக்கை. பக்கத்தில் மேரிலாந்து மாகாணத்தில் பௌவி என்னும் இடத்தில் அவர் கட்டிய வீடுகளில், அப்படிப்பட்ட சட்டம் அங்கே இல்லாததால், பழையபடியே கருப்பருக்கு விற்க மறுத்தார். 1963ல் மாதிரி வீடுகளின் முன்னால் மறியல் நடந்தது. அதே மனிதர், அதே கம்பெனி, அதே வீடு. சட்டம் இருந்த மாகாணத்தில் விற்றார். சட்டம் இல்லாத மாகாணத்தில் விற்கவில்லை. ஆகவே நியூஜெர்சியில் மாறியது அவர் மனம் அல்ல. எங்கள் மனம் மாறும்வரையில் காத்திருங்கள், கட்டாயப்படுத்தாதீர்கள், மெள்ள மெள்ளத்தான் எல்லாம் நடக்கும் என்று ஒடுக்கப்பட்டவர்களுக்கு உபதேசம் செய்பவர்களுக்கு, இந்த இரண்டு மாகாணங்களைவிட வேறு பதில் வேண்டுமா? நாடு முழுமைக்கும் வீட்டு விற்பனையில் இன பேதத்தைத் தடுக்கும் சட்டம் 1968 ஏப்ரலில்தான் வந்தது.

அதே 1968ல் லெவிட் தம் கம்பெனியை ஐ.டி.டி. என்ற பெரிய கம்பெனிக்கு 9 கோடியே 20 இலட்சம் டாலருக்கு விற்றார். விலையில் பெரும்பகுதியை ரொக்கமாக வாங்காமல் அக்கம்பெனியின் பங்குகளாகவே வாங்கிக்கொண்டார். பத்து வருஷ காலம் அமெரிக்காவில் வீடு கட்டும் தொழில் செய்வதில்லை என்றும் ஒப்புக்கொண்டார். பெரிய மாளிகையும், 'லா பெல் சிமோன்' என்று மனைவியின் பெயரிட்ட உல்லாசக் கப்பலும் அவருக்கு இருந்தன. பங்குகளை ஈடு வைத்துக் கடன் வாங்கி, ஈரான், வெனிசுலா, நைஜீரியா ஆகிய தேசங்களில் கட்டடத் தொழில் தொடங்கினார். பங்கு விலை விழுந்தது, அத்தொழில்களும் விழுந்தன. கடைசிக் காலத்தில், குடும்பத் தர்ம ஸ்தாபனத்தின் பணத்தை எடுத்துவிட்டார் என்று நியூயார்க் சர்க்கார் நடவடிக்கை எடுத்து, பணத்தைத் திருப்பிக் கட்ட ஒப்புக்கொள்ளும்படி ஆயிற்று. கப்பலும் போய், மாளிகையும் போய், செல்வமெல்லாம் கரைந்த நிலையில் அவர் இறந்தார்.

இதைக் கேட்டவுடன், 'பார்த்தீர்களா, செய்த பாவம் சும்மா விடுமா, கடவுள் தண்டித்துவிட்டார்' என்று சிலர் சொல்லக்கூடும். நாம் அப்படிச் சொல்லத் தயாரில்லை. லெவிட்டின் செல்வம் போனதற்குக் காரணம் ரொக்கத்துக்குப் பதில் பங்கு வாங்கியதும், அந்தப் பங்கை ஈடு வைத்துக் கடன் வாங்கியதுமே ஒழிய வேறில்லை. இவரைப்போலவே நிபந்தனை போட்டு வீடு விற்ற எத்தனையோ வியாபாரிகள் கடைசி வரையில் பணக்காரர்களாகவே இருந்து, பேரன் பேத்தி கண்டு செத்தார்கள். அவர்களைத் தண்டிக்கக் கடவுள் மறந்துவிட்டாரா? அன்றியும், வீடு மறுக்கப்பட்ட கருப்புக் குழந்தைகள் எந்தப் பாவம் செய்து அந்தத் தண்டனையை அனுபவித்தார்கள்? கடவுள் பார்த்துக்கொள்வார் என்று சும்மா இருந்திருந்தால் நியூஜெர்சியிலும் கதவு திறந்திருக்காது. புகார் கொடுத்த இரண்டு பேரும், சட்டம் செய்த சபையும், தீர்ப்புச் சொன்ன கோர்ட்டுமே அதைத் திறந்தன.

செல்வந்தர் ஒருவர் செல்வம் இழந்தது ஒரு துக்கமல்ல. இழக்க வேண்டியதே இல்லாமல் இழந்தவர்கள் வேறு. அன்று 7,990 டாலருக்கு விற்ற வீடு இன்று பல இலட்சம் டாலர் பெறும். அதை வாங்கினவன் அதன்மேல் கடன் எடுத்துப் பிள்ளையைக் கலாசாலைக்கு அனுப்பினான். முதுமையில் விற்றுச் சாப்பிட்டான். செத்தபோது பிள்ளைகளுக்கு வைத்துவிட்டுப் போனான். அதே சம்பளம் வாங்கி, அதே படையில் இருந்து, அதே மாதம் 58 டாலர் கட்டத் தயாராக இருந்த கருப்பன் வாழ்நாள் முழுவதும் வாடகை கொடுத்தான். அவன் பிள்ளைக்கு வைத்துப் போக ஒன்றுமில்லை. 2019ல் அமெரிக்க மத்திய பாங்கி எடுத்த கணக்கின்படி, நடுத்தரமான ஒரு வெள்ளைக் குடும்பத்தின் சொத்து 1,88,200 டாலர். கருப்புக் குடும்பத்தின் சொத்து 24,100 டாலர். ஏழில் ஒரு பங்குகூட இல்லை. இதற்கு வீடு ஒன்றே காரணமல்ல என்றாலும், வீடு பெரிய காரணம் என்பதில் சந்தேகமில்லை. 2010 ஜனக்கணக்கின்போதும், லாங் ஐலண்டு லெவிட்டவுனில் கருப்பர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவுதான் இருந்தார்கள். 25வது பிரிவு செத்து அறுபது வருஷம் ஆகியும் அது செய்த வேலை சாகவில்லை. ஒரு தலைமுறையைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டு, அடுத்த தலைமுறையைப் பார்த்து, 'இப்போது கதவு திறந்துதானே இருக்கின்றது, காசு கொடுத்து வாங்கிக் கொள்வதுதானே, உனக்கு யோக்கியதை இல்லாததற்கு நாங்கள் என்ன செய்வோம்' என்று கேட்பது எவ்வளவு பெரிய பித்தலாட்டம் என்பதை இந்தக் கணக்கு காட்டும்.

ஆகவே, லெவிட்டின் சரித்திரத்திலிருந்து நாம் தெரிந்துகொள்வது என்ன? பிறவி பேதத்தை நடத்துவதற்குத் துவேஷம் நிறைந்த கொடியவன் தேவையில்லை. மரியாதையாகப் பேசுகின்ற, சுறுசுறுப்பான, ஊருக்கு உபகாரமும் செய்கின்ற ஒரு வியாபாரியே போதும். அவர் யாரையும் அடிக்கவில்லை, யாரையும் வையவுமில்லை. 'எனக்கொன்றும் ஆட்சேபணை இல்லை. மற்றவர்கள் ஒப்பமாட்டார்களே' என்று மாத்திரம் சொன்னார். அந்த மற்றவர்கள் யார் என்று கேட்டுப் போனால், அவர்களில் ஒவ்வொருவரும் இதே வார்த்தையைத்தான் சொல்லுவார்கள். எல்லோரும் மற்றவர்மேல் போட்டு, ஒருவரும் பொறுப்பேற்காமலேயே ஊர் முழுவதும் பூட்டப்பட்டுவிடுகின்றது. எனவே இனி எங்கேயாவது, யாராவது, வீடு கொடுக்காததற்கோ, வேலை கொடுக்காததற்கோ, பக்கத்தில் உட்கார விடாததற்கோ, தனக்கு ஆட்சேபணை இல்லை, பிறருக்காகத்தான் பார்க்கின்றேன் என்று சொன்னால், வாசகர்கள் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கும்படி வேண்டிக்கொள்ளுகின்றோம்: 'ஐயா, உமக்கு ஆட்சேபணை இல்லை என்பது மெய்யானால், முதல் கதவை நீர்தான் திறந்து காட்டுமே!'